ஆறு பக்கத்துலதான் இருக்கு... குழாய்ல தண்ணி எப்போ வரும்? - நாசரேத் சொல்லும் குடிநீர்க் கணக்கு!

‘தண்ணி வருது!’

தென்மாவட்டங்களின் சிறிய ஊர்களில் இந்த இரண்டு வார்த்தைகளுக்கு இருக்கும் வேகம் வேறு எதற்கும் கிடையாது. அடுப்பு அணைக்கப்படும். டிவி சீரியல் பாதியில் நிற்கும். ஸ்கூலுக்குக் கிளம்பிய பிள்ளையின் கையிலும் ஒரு குடம் ஏறும். அடுத்த ஒரு மணி நேரத்துக்குத் தெருவே குழாயடியில்தான்.

அந்த ஒரு மணி நேரம் காலை 5 மணியா, மதியம் 2 மணியா, ராத்திரி 11 மணியா என்பது முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். தெரியாது என்பதுதான் பிரச்னையே. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தை வைத்து, இந்த ‘எப்போ வரும்?’ கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

ரயிலில் இரண்டே ஸ்டேஷன்!

நாசரேத்தில் திருநெல்வேலி செல்லும் ரயிலில் ஏறினால், அடுத்த ஸ்டேஷன் ஆழ்வார்திருநகரி. அதற்கடுத்தது ஸ்ரீவைகுண்டம். அங்கேதான் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு இருக்கிறது. பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் கலக்கிறது இந்த ஆறு. தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழ்நாட்டிலேயே கடலைச் சேரும் வற்றாத நதி என்பது நமக்கெல்லாம் பெருமை.

ஆனால், ஆற்றுக்குத் தெற்கே வந்துவிட்டால் காட்சி மாறும். பனைமரங்கள், அதைத் தாண்டினால் செம்மண் தேரி. பெய்த மழையை உறிஞ்சிக்கொள்ளும் மணல். நாசரேத்துக்கு வறட்சி புதிதல்ல. இந்த ஊரில் பள்ளி, மருத்துவமனை, தொழிற்பள்ளி என்று பலவற்றையும் வளர்த்தெடுத்த கேனன் மர்காஷிஸ் இங்கே வந்தது 1876-ல். தென்னிந்தியாவையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு அது. ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்ததும் அந்தப் பஞ்ச காலத்தில்தான்.

இன்றும் இந்த வட்டாரம் குடிநீருக்கு நம்பியிருப்பது தாமிரபரணியைத்தான். அதனால்தான் கோடை வந்தால் பாபநாசம் அணையின் 143 அடியில் எத்தனை அடி இருக்கிறது, மணிமுத்தாறின் 118 அடியில் எத்தனை அடி இருக்கிறது என்று இங்குள்ளவர்களும் செய்தியில் தேடுகிறார்கள்.

கடைசி அணைக்கட்டுக்கு வரும் தண்ணீருக்குப் போட்டியும் அதிகம். விவசாயம், குடிநீர், தொழிற்சாலை என மூன்றுக்கும் இங்கிருந்துதான் எடுக்கவேண்டியிருந்தது. 20 எம்.ஜி.டி. திட்டத்தின் மூலம் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் எடுப்பதற்கு எதிராக வழக்கு நடந்து, 2018-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதற்குத் தடை விதித்தது. மேலே நெல்லையில் கழிவுநீர் கலப்பது தனிப் பிரச்னை. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தொடர்ந்த வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டார்கள்.

ஒரு குடம் தண்ணீர் வரும் வழி

ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் குழாயில் ஏன் வருவதில்லை?

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் கடந்து வரும் பாதை பெரியது. ஆற்றுப்படுகையில் உறைகிணறு. அங்கிருந்து மோட்டார் மூலம் பெரிய குழாயில் பயணம். வழியில் தரைமட்டத் தொட்டி. பிறகு ஊரின் மேல்நிலைத் தொட்டி. அதற்குப் பிறகு வால்வு, தெருக்குழாய், கடைசியாக உங்கள் வீட்டுக் குழாய். இதில் ஓர் இடத்தில் தடங்கல் வந்தாலும், அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் எல்லோருக்கும் தண்ணீர் நின்றுவிடும்.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு லட்சம் லிட்டர் தொட்டியை, நிமிடத்துக்கு 500 லிட்டர் தள்ளும் மோட்டார் நிரப்ப 200 நிமிடங்கள் ஆகும். நடுவில் 2 மணி நேரம் கரன்ட் போனால், 60,000 லிட்டர் குறையும். 200-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஒரு நாள் தண்ணீர் அது. இன்று உங்கள் தெருவின் முறை என்றால், அது நாளைக்குப் போகும். நாளைய தெருவின் முறை மறுநாளைக்குப் போகும். கரன்ட் திரும்பி வந்துவிடும். தள்ளிப்போன முறை அவ்வளவு சீக்கிரம் சரியாகாது.

சாலைப் பணியில் உடையும் குழாய், பழுதாகும் மோட்டார், கோடையில் உறைகிணற்றில் இறங்கும் நீர்மட்டம் என எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இதில் அதிகம் அடிபடுவது குழாயின் கடைசியில் இருக்கும் தெருவும், மேடான இடத்தில் இருக்கும் வீடும்.

280 லிட்டர் கணக்கு

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் குழாய்வழி விநியோகத்துக்கு ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்பது திட்டமிடும்போது வைத்துக்கொள்ளும் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 280 லிட்டர்.

தினமும் வந்தால் கவலையில்லை. நான்கு நாளைக்கு ஒருமுறை வந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் 1,120 லிட்டர் பிடித்து வைக்க வேண்டும். 15 லிட்டர் குடத்தில் 75 குடம். 200 லிட்டர் டிரம் என்றால் ஆறு டிரம்.

தரைக்கடியில் சம்ப்பும் மாடியில் டேங்க்கும் இருக்கும் வீட்டுக்கு இது வெறும் எண். ஒரே அறையில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் ஆறு டிரம்மை எங்கே வைக்கும்? அதனால், ஒரே தெருவில் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தாலும் இருவருக்கும் கிடைப்பது ஒரே அளவு அல்ல.

மிச்சத்தை விலைக்கு வாங்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் தினம் ஒரு 20 லிட்டர் கேன், விலை 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 900 ரூபாய். வருடத்துக்கு 10,000 ரூபாயைத் தாண்டும். நேரம் தெரியாததால் வேலைக்குப் போகாமல் வீட்டில் காத்திருக்கும் பெண்கள் இழக்கும் கூலி எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஊரெல்லாம் வெள்ளம்... குடிக்கத் தண்ணீர் இல்லை!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பகுதி மறக்காது. நாசரேத் இருக்கும் இதே ரயில் பாதையில் உள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. ஏரல் துண்டிக்கப்பட்டது.

அந்த வெள்ளம் ஆற்றுப்படுகையில் இருந்த குடிநீர்க் கிணறுகள், மோட்டார்கள், குழாய்கள் ஆகியவற்றையும் விட்டுவைக்கவில்லை. சுற்றிலும் தண்ணீர் நின்ற ஊர்கள் குடிநீர் லாரிக்காகக் காத்திருந்தன. வறட்சியில் மட்டும்தான் தண்ணீர்ப் பஞ்சம் வரும் என்ற நினைப்பை அந்த நாள்கள் மாற்றிவிட்டன. ஒரே ஆற்றையும் ஒரே குழாயையும் நம்பியிருந்தால், மழை அதிகமானாலும் தாகம்தான்.

விட்டுவிட்டு வந்தால் சுத்தமும் போச்சு

குழாயில் தண்ணீர் நிரம்பி அழுத்தத்தோடு இருக்கும்வரை, விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். விநியோகம் நின்று குழாய் காலியானால், அதே விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரலாம். யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் ஆபத்து இன்னும் அதிகம். தண்ணீர் திறந்ததும் முதல் சில நிமிடங்கள் கலங்கலாக வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

வாரக்கணக்கில் மூடாமல் வைக்கும் டிரம், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் போதும்.

அயர்லாந்திலும் இதே கதை

மழைக்குப் பஞ்சமே இல்லாத அயர்லாந்திலும் குழாய்த் தண்ணீர் காலை வாரியிருக்கிறது. 2007-ல் கால்வே நகரில் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி கலந்து, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதங்கள் மக்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தார்கள். சிறிய ஊர்களில் இன்றும் தண்ணீர் நிற்பதுண்டு. ஆனால், எந்தப் பகுதியில் நின்றிருக்கிறது, எப்போது திரும்பும் என்பதை அங்குள்ள குடிநீர் நிறுவனம் இணையத்தில் அறிவித்துவிடுகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒடிசாவின் புரி நகரில் 2021 ஜூலையில், 24 மணி நேரமும் குழாயிலிருந்து நேரடியாகக் குடிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. லட்சக்கணக்கில் பக்தர்கள் வந்துபோகும் கோயில் நகரத்தில் அதற்கு முயல முடிகிறதென்றால், நம் பேரூராட்சிகளில் நேரத்தையாவது சொல்ல முடியாதா?

நாம் என்ன செய்யலாம்?

* தேதி எழுதுங்கள்: தண்ணீர் வந்த தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம். காலண்டரிலேயே குறித்தால் போதும். மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால், மனுவுக்கு வலு கூடும்.

* அட்டவணை கேளுங்கள்: எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணி என்று பேரூராட்சியில் எழுதிக் கேளுங்கள். முறை தள்ளிப்போனால் வார்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் போடச் சொல்லுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

* பதில் வரவில்லையா? முதல்வரின் உதவி மையம் 1100, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம், 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என வழிகள் இருக்கின்றன. மாசில்லாத தண்ணீர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது.

* பரிசோதியுங்கள்: குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். டி.டி.எஸ். 500-க்குள் இருப்பது நல்லது.

* வீட்டில்: முதலில் வரும் கலங்கல் நீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். நன்றாகக் கொதிக்க வையுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு குறையாது. டிரம்மை மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

ஆற்றில் தண்ணீரைக் கூட்டுவது நம் கையில் இல்லை. புதுத் திட்டம், புதுக் குழாய் என்றால் ஆண்டுகள் ஆகும். ஆனால், ‘உங்கள் தெருவுக்கு வியாழக்கிழமை காலை 6 மணிக்குத் தண்ணீர்’ என்று சொல்லி, சொன்னபடி வால்வைத் திறப்பதை அடுத்த வாரமே தொடங்கலாம். வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு வரித் தகவல் ஒரு நாள் கூலிக்குச் சமம்!