புன்னை எண்ணெய்: பூச்சா, மருந்தா?

நெய்தல் நிலத்துக்கு உரியதாகச் சங்கப் பாடல்கள் பேசும் புன்னை, மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலின் தலமரமும் ஆகும். பச்சைக் கொட்டைப் பருப்பில் எண்ணெய் மிகக் குறைவு. வாரக்கணக்கில் உலர்ந்த பின்னரே அது ஊறும். பசுமை தோய்ந்த இவ்வெண்ணெய் உண்ணத் தகாதது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பனைப்பொருள் தரவுத்தளம் இதனைத் தோலைப் பதப்படுத்தும் பொருளாகப் பட்டியலிடுகிறது. பட்டியலில் இடம்பெறுதல் ஒப்புதல் அன்று. விளம்பரங்கள் இவ்வேறுபாட்டைப் பெரிதும் மறைத்துவிடுகின்றன.

இந்தியாவில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப்பொருள்கள் சட்டம் பயன்நோக்கையே அளவுகோலாகக் கொள்கிறது. ‘தோலை மென்மையாக்கும்’ என்று சீட்டு ஒட்டினால் 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப்பொருள் விதிகள் பொருந்தும். ‘சொறி, சிரங்கு ஆற்றும்’ என்று எழுதினாலோ அதே புட்டி மருந்தாகிவிடும். செங்கற்பட்டுக் கடலோரத்தில் செக்காட்டி விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு இவ்விரு சொற்றொடர்களின் இடைவெளி உரிமச் சிக்கலாகவே முடியும். மரபுவழிப் பயன்பாடு என்னும் விளக்கமும் இங்கு உதவாது. சித்த மருந்து செய்து விற்பதற்கும் இச்சட்டத்தின்படி உரிமம் வேண்டும்.