கொலாஜன் முதல் புரதப் படிகம் வரை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் குரோம் உப்புக் கரைசலோடு சுழலும் டிரம்மிலிருந்து நீலம் பாரித்து வெளிவரும் ‘வெட் புளூ’ தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதமே. அதன் அமிலத் தொகுதிகளைக் குரோமியம் பற்றி இழைகளைப் பிணைப்பதால்தான் தோல் அழுகாமல் நிலைக்கிறது. இப்புரதம் மூன்று திருகுச் சங்கிலிகள் சேர்ந்த வடிவுடையது என்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வழங்கிய மாதிரியை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து 1954-இல் வெளியிட்டனர்.

எக்ஸ் கதிர்ப் படத்திலிருந்து நேரடியாக வடிவத்தைப் பெற முடியாததால், அவர்கள் முதலில் ஒரு மாதிரியமைப்பை உருவாக்கிப் பின்னரே படத்தோடு ஒப்பிட்டனர். படிகமாகும் புரதங்களிலும் இதே இடர் உண்டு: படிகத்தில் சிதறும் ஒவ்வொரு அலையின் வலிமையும் பதிவாகிறது, ஆனால் அதன் முகடு எங்கே தொடங்குகிறது என்னும் ‘கட்டம்’ பதிவாவதில்லை, கட்டமின்றி அணுக்களின் இருப்பிடத்தைக் கணிக்க இயலாது. ஒத்த வடிவமுள்ள வேறொரு புரதம் ஏற்கெனவே தெரிந்திருந்தால், அதைக் கணினியில் படிக அறைக்குள் திருப்பியும் நகர்த்தியும் பொருத்தித் தற்காலிகக் கட்டங்களைப் பெறலாம். இதுவே மூலக்கூறு பதிலீட்டு முறை.

ஒத்த புரதம் கிடைக்காதபோது கைகொடுக்கும் வழிகளில் ஒன்று அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, அதாவது என்.எம்.ஆர். கரைசலிலுள்ள புரதத்தை வலிய காந்தப்புலத்தில் வைத்து, அருகருகே உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் இடைவெளிகளை அளந்து வடிவத்தைக் கணிக்கும் இம்முறைக்குப் படிகமே தேவையில்லை. வெள்ளணுக்களை அழற்சியுள்ள இடத்துக்கு ஈர்க்கும் இன்டர்லூக்கின்-8 புரதத்தின் படிக அமைப்பு, 1991-இல் அதன் என்.எம்.ஆர். வடிவத்தை முன்மாதிரியாகக் கொண்டே தீர்க்கப்பட்டது.

ஆயினும் என்.எம்.ஆர். வடிவத்தை முன்மாதிரியாக்குவது எளிதன்று. என்.எம்.ஆர். தருவது ஒரே வடிவமன்று. அளவீடுகளுக்கு ஒத்துவரும், பெரும்பாலும் 20 வரையிலான வடிவங்களின் தொகுப்பு. அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் வளைவுகளையும் நுனிகளையும் வெட்டிவிட்டு, ஒத்துப்போகும் மையப் பகுதியை மட்டும் பயன்படுத்துவதே நடைமுறை. முன்மாதிரியின் அணுக்கள் உண்மையான படிக வடிவிலிருந்து சராசரியாக 2 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் விலகினால் பொருத்தம் பெரும்பாலும் தவறிவிடும். 1 ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.

இவ்வடிவங்களைச் சரிபார்ப்பதிலும் சென்னையின் பங்கு பெரிது. கொலாஜன் மாதிரியமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுத்தபோது, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் குழுவினர் பொறுமையாகத் தொகுத்து ஆராய்ந்ததன் விளைவே 1963-இல் வெளிவந்த ராமச்சந்திரன் வரைபடம். என்.எம்.ஆர். வடிவமாயினும் படிக வடிவமாயினும், அதன் முதுகெலும்புச் சங்கிலியின் திருப்பக் கோணங்கள் ஏற்கத்தக்கவைதாமா என்பது இன்றும் அவ்வரைபடத்தில்தான் சரிபார்க்கப்படுகிறது.