தாய்மார்கள் மறைக்கும் வலி

பொழுது புலர்வதற்கு முன்னே கம்பத்திலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய வழிகளாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு அன்றாடக் கூலிக்குச் செல்லும் நம் சகோதரிகள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கின்றனர். மூணாற்றிலும் பீருமேட்டிலும் தலைமுறை தலைமுறையாக லயங்களில் குடியிருந்து கொழுந்து பறிப்போரும் நம்மவரே. வடக்கே பாலக்காட்டு எல்லையில், வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பகுதிகளில் தோப்பிலும் களத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் தமிழ்ப் பெண்களும் பலர்.

இவர்களுள் எத்தனை பேர் மாதந்தோறும் அந்த மூன்று நான்கு நாட்களில் அடிவயிற்று வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு வேலைக்குச் செல்கிறார்கள் என்பதை யாரும் கணக்கெடுத்ததில்லை. ஒரு நாள் படுத்துவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. வீட்டில் சொன்னாலோ, "பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இதெல்லாம் உண்டு" என்பதே பதிலாக வருகிறது. 2015 செப்டம்பரில் போனஸுக்காகவும் கூலி உயர்வுக்காகவும் மூணாற்றில் பெண்களே தனித்துத் திரண்டு நின்றதை நாடே வியந்து பார்த்தது. அத்தகைய துணிவு படைத்த நம் மாதர், தம் உடம்பின் வலியைப் பற்றி வாய் திறக்க மட்டும் நாணுகிறார்கள். அந்த நாணத்தின் விலை என்ன என்பதை இவ்விதழில் சற்று ஆராய விரும்புகிறோம்.

நோயின் இயல்பு

மாதவிலக்கின்போது ஓரளவு வலி இருப்பது இயல்பே. ஆனால், எழுந்து நடமாட இயலாதபடி துன்புறுத்தும் வலியும், மாதத்துக்கு மாதம் மிகுந்து வரும் வலியும் இயல்பானவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் 'எண்டோமெட்ரியோசிஸ்' என்னும் நோய் இருக்கக்கூடும். கருப்பையின் உட்புறத்தை ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கிறது. மாதந்தோறும் தடித்து, பின் உதிரமாகக் கழிவது அப்படலமே. அதனை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடலின் மேலோ அடிவயிற்றின் உட்சுவரிலோ வேரூன்றி வளர்வதே இந்நோய். அங்கும் அது மாதந்தோறும் கசிகிறது. ஆனால் அந்த உதிரம் வெளியேற வழியில்லை. ஆகவே சுற்றிலும் அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. சினைப்பைக்குள் பழைய உதிரம் தேங்கிக் கருஞ்சிவப்புக் கூழாகத் திரண்டு நிற்பதையே வைத்தியர்கள் 'சாக்லேட் கட்டி' என்கிறார்கள்.

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உண்டென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாம்பத்தியத்தின்போது வலி, விலக்கு நாட்களில் மலங்கழிக்கையில் வலி, கருத்தரிக்கத் தாமதம் ஆகியனவும் இதன் அடையாளங்கள். குழந்தையில்லை என்று மருமகளைத் தூற்றும் குடும்பங்கள், அவள் வயிற்று வலியைப் பற்றி ஒரு நாளேனும் வினவினவா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நலம்.

புற்றுநோய் ஆகுமா?

நோயின் பெயரைக் கேட்டதும் தாய்மார்கள் அஞ்சி வினவுவது இதைத்தான். இவ்வையம் புதிதன்று. அமெரிக்காவின் ஆல்பனி நகரத்து வைத்தியர் ஜான் சாம்ப்சன், சினைப்பையிலுள்ள இத்திசுவிலிருந்தே புற்று எழக்கூடும் என்று 1925ஆம் ஆண்டிலேயே எழுதினார். 2012இல் பதின்மூன்று ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த நிபுணர்கள், சினைப்பைப் புற்றில் பல வகைகள் இருப்பதையும், அவற்றுள் சில வகைகளோடு மட்டுமே இந்நோய்க்குத் தொடர்பு இருப்பதையும் கண்டனர். அவ்வகைகளுள் ஒன்று மும்மடங்காகவும் வேறு இரண்டு இருமடங்காகவும் காணப்பட்டன. மிகுதியான பெண்களைப் பலிகொள்ளும் வகையோடு தொடர்பு எதுவும் தென்படவில்லை.

2024இல் யூட்டா மாகாணத்தில் இந்நோயுள்ள ஏறத்தாழ 79,000 பெண்களின் பதிவுகளை, நோயில்லாத பெண்களின் பதிவுகளோடு ஒப்பிட்டனர். நோயுற்றோருக்குச் சினைப்பைப் புற்று நான்கு மடங்கும், சினைப்பையில் கட்டியோ ஆழமாக ஊடுருவிய நோயோ உள்ளவர்களுக்கு ஒன்பது மடங்குக்கு மேலும் காணப்பட்டது.

'ஒன்பது மடங்கு' என்றதும் நெஞ்சு திடுக்கிடுகிறது. ஆனால், எதன் மடங்கு என்று கேட்பதன்றோ அறிவு? ஒரு ரூபாய் ஒன்பது மடங்கானாலும் ஒன்பது ரூபாய்தான். சினைப்பைப் புற்று அரிதான நோய். மேற்சொன்ன ஆய்வு கவனித்த காலத்துக்குள், இந்நோயுள்ள பதினாயிரம் பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்ட புற்று ஏறத்தாழப் பத்துப் பேருக்கே. வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டால், பொதுவாக நூறு பெண்களில் 1.3 பேருக்கு வருவது, இந்நோயுள்ள நூறு பேரில் 2.5 பேருக்கு வரலாம் என ஐரோப்பிய நிபுணர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி கணக்கிடுகிறது. அதாவது, நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் அப்புற்று வருவதே இல்லை. ஆதலால் அலட்சியமும் தகாது, அச்சமும் தகாது.

இரு தவறுகள்

வலியை மறைத்து, ஆண்டுக்கணக்கில் கடை மாத்திரையை விழுங்கிக் காலந்தள்ளுவது முதல் தவறு. நோய் தொடங்கிய பின் அதன் பெயர் தெரியவே நான்கு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அதற்குள் கட்டி வளர்கிறது. கருத்தரிக்கும் வாய்ப்பும் குறைகிறது.

அஞ்சி ஓடிச் சென்று, "எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்று சொல்வது இரண்டாவது தவறு. மகாராஷ்டிரத்துப் பீட் மாவட்டத்தில் நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது. அங்கிருந்து கரும்பு வெட்டப் பிற ஊர்களுக்குப் புலம்பெயரும் பெண்களில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை அகற்றிக்கொண்டிருந்தனர் என்பது 2019இல் வெளிவந்தது. விலக்கு நாளில் கூலி போகும், மேஸ்திரி அபராதம் விதிப்பான் என்ற அச்சமும், புற்று வரும் என்று மிரட்டிய சொற்களும் சேர்ந்து செய்த கொடுமை அது. அன்றாடக் கூலியை நம்பி எல்லை கடக்கும் நம் பெண்களுக்கு அது வேற்று நாட்டுக் கதையன்று.

கருப்பையை மட்டும் எடுப்பதால் சினைப்பையிலும் குடலிலும் உள்ள நோய் போய்விடாது. இளவயதில் சினைப்பைகளையும் எடுத்துவிட்டாலோ எலும்பும் இருதயமும் கேடுறும். அறுவை சிலருக்குத் தேவைப்படலாம். எனினும் வயது, குழந்தை விருப்பம், கட்டியின் அளவு, குடும்பத்தில் புற்று உண்டா என்பன அனைத்தையும் ஆராய்ந்த பின்னரே அதனை முடிவு செய்ய வேண்டும். சாதாரண நிலையில் ஹார்மோன் மாத்திரைகளே பலருக்கு வலியைத் தணிக்கின்றன. கருத்தடை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டோருக்குச் சினைப்பைப் புற்று குறைகிறது என்பதும் பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. ஆனால் அது எல்லாருக்கும் ஏற்றதன்று. வைத்தியரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டுவன

மாதத்துக்கு மாதம் மிகும் வலியுள்ளவர் தயங்காது மகப்பேறு வைத்தியரிடம் செல்க. இடுக்கியில் உள்ளோர்க்குக் கோட்டயத்திலும் தேனியிலும், பாலக்காட்டில் உள்ளோர்க்குத் திருச்சூரிலும் கோயம்புத்தூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் உள்ளன. இன்று எல்லைக்கு இப்புறமும் நாளை அப்புறமுமாக வாழ்வோர் ஸ்கேன் காகிதங்களையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரே பையில் இட்டுப் பத்திரப்படுத்துக. சென்ற ஆண்டு மூன்று சென்டிமீட்டராக இருந்த கட்டி இவ்வாண்டு ஆறாகியிருந்தால், பழைய காகிதமே அதனை வைத்தியருக்குச் சொல்லும்.

'சி.ஏ. 125' என்னும் இரத்தப் பரிசோதனை, புற்றில்லாமலே இந்நோயாலும் மிகுந்து காட்டும். ஆகவே அந்த ஓர் எண்ணைக் கண்டு நடுங்க வேண்டா. இந்நோயுள்ள எல்லாரும் புற்றைத் தேடி ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் நிபுணர்கள் சொல்லவில்லை.

அடையாளங்களை அறிந்திருப்பதே மேல். நாள் விடாது வயிறு உப்புதல், சிறிது உண்டதும் நிறைந்துவிடுதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமின்றி மெலிதல் ஆகியன சில வாரங்கள் நீடித்தாலும், மாதவிலக்கு நின்ற பின் மீண்டும் உதிரம் கண்டாலும், முன்னே கட்டி இருந்த பெண்கள் ஒரு வாரமும் தாமதியாது காட்டிக்கொள்ள வேண்டும். "விலக்குத்தான் நின்றுவிட்டதே, இனி என்ன?" என்று ஐம்பதைக் கடந்த தாய்மார்கள் வாளாவிருந்துவிடக் கூடாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தார். அத்துயரத்தைத் தம் நெஞ்சோடு புதைத்துவிடாமல், பல ஆண்டுகள் போராடி 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். ஒரு பெண்ணின் துயரம் சொல்லப்பட்டதால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன.

எனவே, இக்கட்டுரையைப் படிக்கும் ஆடவர் இதைப் பெண்கள் விஷயம் என்று தள்ளிவிட வேண்டா. லயத்திலோ வாடகைக் குடிலிலோ மனைவியும் மகளும் அந்நாட்களில் சுருண்டு படுத்திருந்தால், அன்றைய கூலியைக் கணக்கிடாது, "எத்தனை மாதமாக இப்படி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்வியே முதல் மருந்து என்பது நம் துணிபு.