கறுப்பு முக்கோணமும் ரீமாஸ்டர் முத்திரையும்

1983-ல் ஜப்பானின் தோஷிபா-இஎம்ஐ நிறுவனம் பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பத்தைச் சிடியாகக் கொண்டுவந்தது. விலை 3,500 யென். சிபி35-3016 என்ற அதன் எண்ணில் வரும் 35 அந்த விலையைத்தான் குறிக்கிறது. லேபிளில் ஒரு கறுப்பு முக்கோணம் இருக்கும். லண்டனிலிருந்த இஎம்ஐ தலைமையகத்தின் ஒப்புதல் பெறாத வெளியீடு என்பதால் கொஞ்ச காலத்திலேயே அது விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. மற்ற நாட்டு ரசிகர்கள் அதிகாரபூர்வமான சிடிக்கு 1987 அக்டோபர் வரை காத்திருந்தார்கள்.

அந்த ஜப்பான் சிடிக்கு மூலமாக இருந்தது அங்கே கைவசம் இருந்த ஒரு நகல் நாடா. பாட்டின் மெல்லிய இடங்களில் நாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் நன்றாகவே கேட்கும். அதை யாரும் துடைத்தெடுக்க முயலவில்லை. துடைக்காததால்தான் சிம்பல் தட்டியபின் மெல்ல அடங்கும் அதிர்வும், ரிங்கோவின் டிரம்மைச் சுற்றியிருக்கும் அறையின் காற்றும் அப்படியே தங்கியிருக்கின்றன. 40 ஆண்டுகள் தாண்டியும் அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு அதன் காரணம் புரியும். எந்த நாடாவை எடுத்தார்கள், அதன்மேல் எவ்வளவு கை வைத்தார்கள், இந்த இரண்டும்தான் ஒரு சிடியின் ஒலியைத் தீர்மானிக்கின்றன. உறையில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது, தங்க முலாம் பூசியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஆனால் அந்தக் காலத்தில் சிடிக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. 1982 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானில் சோனியின் முதல் சிடி பிளேயரும், பில்லி ஜோயலின் '52-ன்ட் ஸ்ட்ரீட்' முதலான 50 ஆல்பங்களும் கடைக்கு வந்தன. வந்த வேகத்திலேயே புகாரும் எழுந்தது: ஒலி கூர்மையாகக் குத்துகிறது, உயிரில்லை, இசைத்தட்டின் கதகதப்பு எங்கே? அந்தப் புகாரில் நியாயம் இருந்தது. அவசரத்தில் பல நிறுவனங்கள் அசல் மாஸ்டர் நாடாவைத் தேடாமல், இசைத்தட்டு வெட்டுவதற்காகத் தயாரித்து வைத்திருந்த நகல் நாடாக்களைத் தூக்கிச் சிடிக்கு மாற்றிவிட்டன. இசைத்தட்டின் பள்ளத்துக்கு ஏற்றபடி கீழ்ச்சுருதி ஒலிகளைக் குறைத்து, மேலொலிகளைத் தூக்கிய நாடாக்கள் அவை. சிடியில் அந்தத் திருத்தங்கள் காதைக் குடைந்தன. பழி மட்டும் தொழில்நுட்பத்தின் மேல் விழுந்தது.

அதே ஆண்டுகளில், நல்ல நாடா கையில் கிடைத்து, அதைத் தொந்தரவு செய்யாமல் அப்படியே எண்களாக மாற்றியவர்களும் இருந்தார்கள். அந்த வேலையின் அன்றைய முறை சுவாரசியமானது. சிடிக்கான டிஜிட்டல் மாஸ்டரை யூமாட்டிக் வீடியோ கேசட்டில்தான் பதிந்தார்கள். வீடியோவின் ஒரு கோட்டுக்கு 3 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), ஒரு புலத்தில் (ஃபீல்ட்) 245 கோடுகள், நொடிக்கு 60 புலங்கள், பெருக்கினால் 44,100. இன்றுவரை சிடியின் மாதிரி வீதமாக இருக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸ் அங்கிருந்து வந்ததுதான். அந்த வீடியோ கேசட் ஆலைக்குப் போகும். அங்கே ஒளி உணரும் பூச்சு போட்ட கண்ணாடித் தட்டில் லேசர் குழிகளைப் பதிக்கும். அதன்மேல் நிக்கல் படியவைத்து அச்சு எடுப்பார்கள். உருக்கிய பாலிகார்பனேட்டை அச்சில் அழுத்தி, அலுமினியம் பூசி, மேலே லாக்கர் தடவினால் சிடி தயார்.

ஜப்பான் பிரஸ்ஸிங், ஜெர்மனி பிரஸ்ஸிங், அமெரிக்கா பிரஸ்ஸிங் என்று சேகரிப்பாளர்கள் பேசும்போது, ஆலையின் கைராசி ஒலியில் தெரிகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரே மாஸ்டரிலிருந்து, அதாவது ஆலைக்குப் போகும் ஒரே இறுதிப் பதிவிலிருந்து, வந்திருந்தால், எந்த நாட்டில் அச்சடித்தாலும் வட்டில் இருப்பது ஒரே எண்கள்தான். வேறுபாடு வருவது மாஸ்டர் வேறாக இருக்கும்போது. அன்று ஒவ்வொரு நாட்டுக் கிளையும் தன்னிடமிருந்த நாடாவைக் கொண்டு தனியாக மாஸ்டர் செய்துகொண்டதால், ஒரே உறைக்குள் மூன்று வேறு ஒலிகள் இருக்க வாய்ப்பு உண்டு. கண்டுபிடிக்க உறை உதவாது. சிடியைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நடுத்துளையைச் சுற்றிய பளபளப்பான வளையத்தில் பொடியாகப் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். மேட்ரிக்ஸ் எண் என்பது அதுதான். பக்கத்தில் ஐஎஃப்பிஐ என்ற எழுத்துகள் தெரிந்தால், அந்த வட்டு 1994-க்கு முன் அச்சடித்தது அல்ல.

ஆரம்பகாலச் சிடிகளில், அதிலும் ஜப்பானிலிருந்து வந்தவை பலவற்றில், இன்னொரு சங்கதி உண்டு. பதிவின்போது மேலொலிகளை வேண்டுமென்றே உயர்த்திவிடுவார்கள். பிளேயர் அதை மீண்டும் இறக்கிக்கொள்ளும். ப்ரீ-எம்ஃபசிஸ் என்பார்கள். பிளேயருக்கான குறிப்பு வட்டிலேயே இருக்கும். கணினியில் அந்தச் சிடியை நகலெடுக்கும்போது பல மென்பொருள்கள் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்வதில்லை. விளைவாக, இறக்காத மேலொலியோடு கோப்பு சுற்றுகிறது. பழைய சிடி என்றாலே கீச்சிடும் என்று சொல்கிறவர்களில் சிலர் கேட்டது அந்தக் கோப்பாகக்கூட இருக்கலாம்.

1985-ல் டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' வந்தபோது காற்று மாறியது. முழுக்க டிஜிட்டல் முறையில் உருவாகி, பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் சிடி அது. இசைத்தட்டில் இடம் போதாமல் பாடல்களைக் குறுக்கியிருந்தார்கள். சிடியில் முழு நீளம், 55 நிமிடம். அதன் அசல் சிடி இன்று வெளிநாட்டுப் பழைய சிடிக் கடைகளில் அற்ப விலைக்குக் கிடைக்கும். இவ்வளவு விசாலமான ஒலி இவ்வளவு மலிவாகக் கிடைப்பது வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு 90-கள் வந்தன. நிறுவனங்கள் தம் கையிருப்பை இரண்டாம் முறை விற்க ஒரு காரணம் தேவைப்பட்டது. உறைமேல் 'டிஜிட்டலி ரீமாஸ்டர்ட்' என்ற ஒட்டுத்தாள் வந்தது. 1994-ல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 என்ற லிமிட்டர் மென்பொருளும் வந்தது. ஒலியின் உச்சங்களை ஓர் எல்லையில் தட்டி நிறுத்திவிட்டு, மீதி எல்லாவற்றையும் மேலே தூக்கும் கருவி அது. உரக்கக் கேட்பதை மனிதக் காது முதல் சில நொடிகளில் நல்ல ஒலி என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்தவன் சிடியைவிட நம்முடையது சத்தமாக இருக்க வேண்டும் என்ற போட்டி தொடங்கியது. 1995-ல் ஒயாசிஸின் '(வாட்ஸ் தி ஸ்டோரி) மார்னிங் க்ளோரி?' அதை இன்னும் தீவிரமாக்கியது. 2008-ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' வந்தபோது, அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் நசுங்காமல் ஒலிப்பதைக் கண்டு, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மறுபடி மாஸ்டர் செய்யக் கோரிக் கையெழுத்திட்டார்கள்.

என்னிடம் ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' இரண்டு சிடிகளாக இருக்கிறது. ஒன்று 80-களில் பேரி டயமென்ட் மாஸ்டர் செய்தது. மற்றது 2003-ன் ரீமாஸ்டர். தலைப்புப் பாடலின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹை-ஹாட்டின் மெல்லிய தட்டல், பிறகு கிட்டாரின் முதல் வெட்டு. இரண்டையும் கணினியில் ஏற்றி அலைவடிவம் பார்த்தால், பழையதில் தட்டல்கள் கோட்டை ஒட்டிய சிறு முட்களாகவும், கிட்டார் அவற்றுக்கு வெகு உயரத்திலும் நிற்கின்றன. புதியதில் இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் சுருங்கிவிட்டது. நியாயமாக ஒப்பிட, புதியதன் சத்தத்தைப் பழையதன் அளவுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கிக் கேட்டால், பழையதில் கிட்டார் வெட்டுகளுக்கு இடையே விழும் மௌனம் உண்மையில் மௌனமாக இருக்கிறது, அடுத்த அடி நெஞ்சில் வந்து விழுகிறது. புதியதில் எல்லாமே முன்னால் வந்து நிற்பதால் எதுவும் பாய்வதற்கு இடமில்லை. பாட்டு அதேதான், வாசிப்பும் அதேதான். இதை ஒருமுறை கேட்டவருக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

ரீமாஸ்டர் என்றாலே மோசம் என்று முடிவுகட்டிவிடுவதும் அநியாயம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 மார்ச் 2-ஆம் தேதி நியூயார்க்கில், கொலம்பியாவின் 30-ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகத் தொடங்கியது. அன்று பதிந்தவை 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் கிரீன்'. அதாவது இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும். அன்றைக்கு முதன்மைப் பதிவுக் கருவி கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் போட்டால் இசை வேகமாகும், சுருதியும் ஏறும். இது வெளியே தெரியாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் சிடியாகவும் விற்றார்கள். அதனோடு சேர்ந்து வாசித்துப் பழகிய எத்தனையோ இளைஞர்கள், முதல் பக்கத்துக்கு மட்டும் தம் வாத்தியத்தின் சுருதி ஏன் சேரவில்லை என்று குழம்பியிருப்பார்கள்.

பாதுகாப்புக்காக இரண்டாவதாக ஒரு கருவியும் அன்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது சரியான வேகத்தில் ஓடியது. 1992-ல் வந்த தங்கச் சிடிக்கு அந்த இரண்டாம் நாடாவைப் பயன்படுத்தினார்கள். 1997-ல் பொறியாளர் மார்க் வைல்டர் செய்த பதிப்பு அதை எல்லாருக்குமான விலையில் கொண்டுவந்தது. அதில் பால் சேம்பர்ஸின் பாஸ் நிதானமாக நடக்கிறது, டேவிஸின் டிரம்பெட் தன் உண்மையான சுருதியில் இருக்கிறது. ஒரு ரீமாஸ்டர் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இது. கலைஞர்கள் அன்று வாசித்ததை முதல் முறையாக உலகம் கேட்டது 1992-ல்தான் என்றால் மிகையில்லை.

பீட்டில்ஸுக்கு வருவோம். 1987-ல் வந்த அவர்களின் சிடிகளில் முதல் நான்கு ஆல்பங்கள் மோனோவில் இருந்தன. 'ஹெல்ப்!', 'ரப்பர் சோல்' இரண்டையும் அவர்களின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் புதிதாக மிக்ஸ் செய்திருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் அதுவே கதி. பிறகு அபே ரோடு ஸ்டூடியோவின் பொறியாளர்கள் நான்கு ஆண்டுகள் உழைத்து, 2009 செப்டம்பர் 9 அன்று மொத்தத்தையும் புதிதாக வெளியிட்டார்கள். 525 நிமிட இசையில் இரைச்சல் நீக்கும் கருவியைத் தொட்டது 5 நிமிடத்துக்கும் குறைவு. ஸ்டீரியோப் பதிப்பில் லிமிட்டரை அளவோடு பயன்படுத்தினார்கள். மோனோ பதிப்புகளைத் தொகுத்த பெட்டியில் அது அறவே இல்லை. சத்தப் போட்டி உச்சத்தில் இருந்த ஆண்டில், விற்பனைக்கு அஞ்சாமல் அந்த மோனோ பெட்டியை வெளியிட்டவர்களுக்கு நான் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

ஜெத்ரோ டல்லின் 'அக்குவாலங்' (1971) இன்னொரு ஆச்சரியம். நல்ல பாடல்கள், மங்கிய ஒலி என்பதுதான் நாற்பது ஆண்டுகளாக அதைப் பற்றிய பேச்சு. 2011-ல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் பலதட நாடாக்களிலிருந்து அதை மறுபடி மிக்ஸ் செய்தபோது, உள்ளே இருந்த பதிவு தெளிவாகத்தான் இருந்திருக்கிறது என்பது தெரியவந்தது. ரஷ் குழுவோ தங்கள் 'வேப்பர் டிரெயில்ஸ்' (2002) நசுங்கிப்போனதை ஒப்புக்கொண்டு, 2013-ல் முழுவதையும் மறுமிக்ஸ் செய்து வெளியிட்டார்கள்.

இன்று சத்தப் போட்டிக்கான காரணமே போய்விட்டது. ஸ்பாட்டிஃபை போன்ற ஸ்ட்ரீமிங் சேவைகள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. எல்யுஎஃப்எஸ் என்ற சத்த அலகில் ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு மைனஸ் 14. உரக்கச் செய்த மாஸ்டரை அது இறக்கிவிடும். உரக்கச் செய்தவருக்கு லாபம் இல்லை, நசுங்கலின் நஷ்டம் மட்டும் மிஞ்சும். புதிய ஆல்பங்கள் சிலவற்றில் இது நல்ல பலன் தந்திருக்கிறது. பழைய ஆல்பங்களின் கதை வேறு. தேடினால் பெரும்பாலும் கடைசியாக வந்த ரீமாஸ்டர்தான் முன்னால் வருகிறது. 1984-ன் மாஸ்டரும் 2003-ன் மாஸ்டரும் ஒரே பெயரில், ஒரே படத்தோடு இருக்கையில், எதைக் கேட்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. மாஸ்டர் செய்தவர் பெயரும் ஆண்டும் போட ஒரு வரி போதும். நம் தமிழ்த் திரைப்பாடல் சிடிகளிலும் பெரும்பாலும் அந்த வரி இல்லை. பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் வரிசையோடு நின்றுவிடும்.

ஜப்பானில் இன்னும் எஸ்எச்எம்-சிடி, ப்ளூ-ஸ்பெக் சிடி என்று புதிய மூலப்பொருள்களில் விலை கூடிய வட்டுகள் வருகின்றன. உள்ளே இருப்பது அதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். காசு கொடுக்குமுன் எந்த மாஸ்டர் என்று பாருங்கள். பழைய வட்டு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1988-க்கும் 1993-க்கும் இடையே இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் அச்சடித்த சிடிகள் பலவற்றில், லாக்கர் பழுதாக இருந்ததால் உறைக் காகிதத்தின் கந்தகம் உள்ளே இறங்கி, ஓரத்திலிருந்து வெண்கல நிறம் பரவியது. அப்படி நிறம் மாறிய வட்டை உடனே கணினியில் நகலெடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

80-களில் மாஸ்டர்களைத் தாங்கிய யூமாட்டிக் கேசட்டுகளுக்கும் வயதாகிவிட்டது. அவற்றை ஓட்டும் கருவிகளை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. ஆனால் அந்தக் கேசட்டிலிருந்து எடுத்த அதே எண்கள்தான், உலகெங்கும் பழைய சிடிக் கடைகளிலும் காயலான் கடைகளிலும் கிடக்கும் வட்டுகளில் இருக்கின்றன. இரண்டு பேர் இரண்டு ஊர்களில் ஒரே பிரஸ்ஸிங்கை நகலெடுத்து ஒப்பிட்டால், கடைசி பிட் வரை பொருந்துவதைச் சரிபார்க்க முடியும். நிறுவனங்கள் மனது வைத்தால், தங்கள் முதல் மாஸ்டர்களை ரீமாஸ்டருக்குப் பக்கத்திலேயே, ஆண்டு போட்டு, ஸ்ட்ரீமிங்கில் ஏற்றலாம். கேசட் கெட்டுப்போயிருந்தால் ரசிகர்களிடம் ஒரு நல்ல சிடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கொடுக்க ஆள் இருக்கிறது.