சென்னை – லண்டன்: தூரமும் பயண நேரமும்

விமானத்தின் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்த்து, பயணம் இவ்வளவுதான் என்று நம்மில் சிலர் முடிவு கட்டிவிடுகிறோம். இக்கணக்கு சரக்குக்கு ஆகாது.

சென்னைக்கும் லண்டனுக்கும் ஆகாயத் தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 9 மணி நேரம் வரும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. வழியும் நேர்க்கோடு அல்ல. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுவதால் போகும்போது எதிர்க்காற்று. ஆகவே இடையில் நிற்காத விமானத்துக்குப் போக ஏறக்குறைய 11 மணி, திரும்ப 10 மணி எனக் கொள்ளலாம்.

அடுத்து கடிகாரக் கணக்கு. அட்டவணையில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் நம்மைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும், கோடையில் நாலரை மணியும் பின்தங்கியது. குளிர்காலத்தில் காலை 5.30-க்குப் புறப்படும் சரக்கு அங்கே பகல் 11-க்கு இறங்கும். பார்வைக்கு ஐந்தரை மணி; பறந்தது 11 மணி!

பூ, காய்கறி அனுப்புவோர் ஐந்தரை மணிக்கென்று பொதி கட்டினால் சரக்கு வாடிவிடும். பறக்கும் நேரத்தோடு, இங்கே முன்னதாக ஒப்படைக்கும் நேரத்தையும் அங்கே சுங்கச் சோதனை நேரத்தையும் கூட்டிக்கொண்டே கெடு சொல்வோம்.