ஜெர்மனி எம்பிஏ: யாரை உள்ளே விடுகிறார்கள்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, பொறுமையாகப் பேசுவோம். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று ஊரில் சொல்வது எம்பிஏவுக்குப் பொருந்தாது. பெரும்பாலும் அது வேலை பார்த்தவர்களுக்கான மேற்படிப்பு என்ற வகையில் வருகிறது. அதனால் அரசுப் பல்கலைக்கழகங்களும் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகின்றன. அந்த வகைப் படிப்புக்குக் குறைந்தது ஓராண்டு அனுபவம் வேண்டும் என்பது பொதுவிதி. மான்ஹைம், பெர்லினின் இஎஸ்எம்டி போன்ற வணிகப் பள்ளிகளில் முழுநேர எம்பிஏவுக்கு மூன்றாண்டு கேட்பார்கள்.

முதலில் பட்டத்தை எடைபோடுவார்கள். ஐரோப்பியக் கணக்கில் ஒரு முழு ஆண்டுப் படிப்புக்கு 60 புள்ளி. இளநிலையும் முதுநிலையும் சேர்ந்து 300 வர வேண்டும். மூன்றாண்டு பி.காம். படித்தவருக்குப் பொதுவாக 180தான் கிடைக்கும். 90 புள்ளி எம்பிஏவில் சேர்ந்தால் 30 குறையும். சில பள்ளிகள் வேலை அனுபவத்தை வைத்து அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன, சில ஒப்புவதில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மதிப்பெண்ணை ‘பவேரியச் சூத்திரம்’ கொண்டு மாற்றுவார்கள். பத்துக்கு 8 எடுத்தீர்கள், தேர்ச்சி எல்லை 5 என்றால் அங்கே அது 2.2. பதற வேண்டாம், அங்கே 1தான் உச்சம், 4 வெறும் தேர்ச்சி. ஜிமேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணிலும் இப்படி ஒரு குழப்பம் இருக்கிறது. 2023 இறுதியில் வந்த புதிய தேர்வில் 805தான் உச்சம். பழைய 700க்கு இணையாக நிற்பது இன்றைய 645. அண்ணன் எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள்.

இவையெல்லாம் வாசல்வரைதான். இடம் கிடைப்பதைத் தீர்மானிப்பவை கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல். நம் பிள்ளைகள் தடுமாறுவதும் இங்கேதான். எந்தக் கம்பெனியில் இருந்தீர்கள் என்பதைவிட, அங்கே உங்களால் என்ன மாறியது என்றுதான் கேட்பார்கள். “எங்கள் டீம் செய்தது” என்று நிறுத்திவிட்டால் உங்கள் பங்கு அவர்களுக்குத் தெரியாது. கடிதத்துக்குப் பெரிய மனிதரைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் வேலையைத் தினமும் பார்த்த மேலாளர் எழுதும் அரைப் பக்கம் அதைவிடப் பலம். வேலையில்லாமல் இருந்த மாதங்களை மறைக்கவும் வேண்டாம். காரணத்தை எழுதினால் போதும், இடைவெளி கண்ணில் பட்டால் நிச்சயம் கேட்பார்கள்.

இந்தியர்களுக்கு இன்னொரு படி உண்டு. 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குப் பொதுவாக, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். அனுமதிக் கடிதம் வரட்டும் என்று காத்திராமல் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கல்லூரி முடித்த கையோடு போகத்தான் ஆசை என்றால் எம்பிஏவை விடுங்கள், எம்.எஸ்சி. மேனேஜ்மென்ட் பாருங்கள். அதற்கு அனுபவம் கேட்பது அரிது. ஆனால் இளநிலையிலேயே வணிகப் பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. பொறியியல் படித்தவர்கள் அந்த வரியை முதலில் தேடிப் படியுங்கள்.