முதல் 24 மணி நேரத்தில் போட வேண்டிய ஊசி

கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ என்று வந்திருக்கும். காமாலை ஒன்றும் இல்லையே என்று தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகிறாள். தாள் புகுந்த வீட்டிலேயே கிடக்கிறது. பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு விஷயமே தெரிவதில்லை. இப்படிக் கோட்டைவிடும் குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்கிறது.

தாயின் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கிறது என்பதே அந்தத் தாளின் செய்தி. பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் இது குழந்தைக்குத் தொற்றுகிறது. பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தானே விலகிவிடும் இந்த வைரஸ், பிறந்த உடனே தொற்றிய குழந்தைகளில் 100-க்குச் சுமார் 90 பேரிடம் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் சத்தமே இல்லாமல் இருந்து, பிற்பாடு கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம். கீழாநெல்லி இதைத் தடுக்காது. தடுப்பூசி தடுக்கும்.

கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே இந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பாசிட்டிவ் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போய், ரத்தத்தில் வைரஸ் அளவைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் பரிசோதனை முடிவைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். பரிசோதனைத் தாளின் நகலை அதோடு இணைத்து, எந்த ஊரில் பிரசவம் என்றாலும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே குழந்தைக்கு உடனடிப் பாதுகாப்பு தரும் ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின் ஊசி இருப்பில் உள்ளதா என்று முன்கூட்டியே கேளுங்கள். வலி எடுத்த பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம்.

குழந்தை பிறந்ததும் ஒரு தொடையில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். இரண்டையும் 12 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. இரண்டாவது கிடைக்கவில்லை என்பதற்காக முதலாவதைத் தள்ளிப்போடக் கூடாது. தடுப்பூசி 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.

“இன்று ஞாயிற்றுக்கிழமை”, “டிஸ்சார்ஜ் அன்று சேர்த்துப் போடலாம்” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு குழந்தைக்காகப் பத்துப் பேருக்கான குப்பியை உடைக்க வேண்டுமா என்று தயங்குவோரும் உண்டு. முறையாகக் குளிர்பதனத்தில் வைத்தால், திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்த அரசு விதியே அனுமதிக்கிறது. பிறகெதற்கு இந்தச் சிக்கனம்? ஊசி போட்ட தேதியோடு நேரத்தையும் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

பிறகு 6, 10, 14-வது வாரங்களில், ஹெபடைட்டிஸ் பி தடுப்பு மருந்தும் அடங்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசி. ஒரு வயதையொட்டி, மருத்துவர் சொல்லும் நாளில், குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். கணவரும் மற்றப் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இதற்காக மட்டும் சிசேரியனும் வேண்டாம்.

தொற்றைக் காரணம் காட்டிப் பிரசவம் பார்க்க மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தனியார் மருத்துவமனை மீதான புகாரை மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடவில்லை என்ற புகாரை மாவட்ட சுகாதார அலுவலரிடமும் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். தொலைபேசியில் புகார் சொல்ல 104. நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ சிகிச்சை ஆவணம் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

புகாருக்குப் பின்னர் அதிகாரி தண்டிக்கப்படலாம். கடந்துபோன 24 மணி நேரத்தை எந்த அலுவலகமும் திருப்பித் தராது. ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: பிரசவத்துக்குப் பை கட்டும்போது முதலில் அந்தத் தாளை எடுத்து வையுங்கள்.